அங்கிள்னு போட்டுக்கவா சார்?

போன வருடம் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வைகாசித் தேர் முடிந்த மறுவாரம் நாங்கள் ஐந்து பேர் மலேசியா போவதாக இருந்தது. அப்பா, அம்மா, நான், மனைவி, பையன். சிங்கம்புணரியிலிருந்து திருச்சிக்கு வேன், அங்கிருந்து கோலாலம்பூர், அப்புறம் பினாங்கு. பினாங்கு அப்பாவின் ஆசை. தாத்தாவின் அண்ணன் அங்கே ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையல் வேலை பார்த்தவர். அந்தத் தெருவில் ஒருதரம் நடந்துவிட்டு வரணும் என்பார் அப்பா.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது பெரியப்பா தன் கயிற்றுக் கடையிலேயே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. மதுரைக்குக் கொண்டுபோனோம். பயணம் போவதா வேண்டாமா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அப்பா ஐசியூ வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்தவர்தான், பதினோரு நாள் எழவில்லை.

டிக்கெட் பணம் திரும்பாத வகை. ஆனால் நான் விவரமானவன் என்ற நினைப்பில் ஐந்து பேருக்கும் டிராவல் இன்சூரன்ஸ் போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி படிக்கட்டில் நின்றபடி அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

“பேஷண்ட் உங்களுக்கு என்ன முறை சார்?”

“பெரியப்பா.”

“அங்கிள்னு போட்டுக்கவா சார்?”

“அங்கிள் இல்லைங்க. பெரியப்பா. அப்பாவோட அண்ணன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார். அங்கிள் லிஸ்ட்ல இல்ல.”

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்த ‘லிஸ்ட்’ எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒருவர் சாகக் கிடக்கிறார். அவர் உனக்கு என்ன வேணும் என்று ஒரு கம்பெனி ஏன் கேட்கிறது? எப்போது கேட்க ஆரம்பித்தது?

கேட்க ஆரம்பித்த வருடம் 1774.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இன்சூரன்ஸும் சூதாட்டமும் ஒரே மேசையில் நடந்தன. எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காபிக் கடையில் கப்பல்காரர்களும் வியாபாரிகளும் கூடுவார்கள், கப்பல் கரை சேருமா முழுகுமா என்று கணக்குப் போட்டுப் பொறுப்பு ஏற்பார்கள். இன்றைய லாயிட்ஸின் தொடக்கம் அந்தக் கடைதான். கப்பல் கணக்கு மெல்ல ஆள் கணக்கானது. பிரபலமான யாராவது நோயில் படுத்துவிட்டால், அவரை முன்பின் பார்த்தே இராத ஆட்கள் அவர் உயிர்மேல் பாலிசி எடுப்பார்கள். செத்தால் இவருக்குப் பணம். படுக்கையில் கிடப்பவர் பேப்பரைப் புரட்டினால் தன் உயிருக்கு இன்று என்ன விலை போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதை நிறுத்தத்தான் 1774இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆயுள் காப்பீட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சூதாட்டச் சட்டம் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அந்த உயிர் போனால் உனக்கு உண்மையிலேயே நஷ்டம் உண்டா? உண்டு என்றால்தான் பாலிசி. தன் உயிர்மேலும் கணவன் மனைவி உயிர்மேலும் எடுப்பவரை ஆங்கில நீதிமன்றங்கள் கேள்வி கேட்பதில்லை. மற்றவர்கள் என்றால் பணக் கணக்கு காட்ட வேண்டும். நேசம் கணக்கில் வராது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்வதும் இதே பயத்தில்தான்.

ஆக, ‘என்ன முறை?’ என்ற கேள்வி நல்ல காரணத்துக்காகப் பிறந்தது. நோயாளியை வைத்து யாரும் காசு பார்க்கக் கூடாது. படிக்கட்டில் நின்றபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் எரிச்சல் குறைந்திருக்காது.

பயண இன்சூரன்ஸ் வேறு வழியாக வந்தது. இங்கிலாந்தில் ரயில் ஓட ஆரம்பித்ததும் விபத்துகளும் கூடவே ஓடின. 1849இல் ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷூரன்ஸ் கம்பெனி ஸ்டேஷனிலேயே சீட்டு விற்றது. முதல் வகுப்புப் பயணி 3 பென்னி கொடுத்தால், விபத்தில் செத்தால் 1,000 பவுண்டு. இரண்டாம் வகுப்புக்கு 2 பென்னி, 500 பவுண்டு. மூன்றாம் வகுப்புக்கு 1 பென்னி, 200 பவுண்டு. சாவிலும் வகுப்பு உண்டு. நூறு வருடம் கழித்து அமெரிக்க விமான நிலையங்களில் காசு போட்டால் பாலிசி தரும் மெஷின்களே வந்துவிட்டன. நம் ரயில்வே டிக்கெட் தளத்தில் 2016 செப்டம்பரில் 92 காசுக்கு வந்த இன்சூரன்ஸும் இதே வம்சம்தான்: சாவு, ஊனம், ஆஸ்பத்திரிச் செலவு.

இவை எல்லாமே கிளம்பியவரின் உடம்பைத்தான் பார்க்கின்றன. வீட்டில் இருப்பவர் கணக்கிலேயே இல்லை.

எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறையாக உறக்கத்தைக் கெடுத்ததோ வீட்டில் இருப்பவரைப் பற்றிய பயம்தான்.

சிங்கம்புணரி செட்டிநாட்டின் மேற்கு ஓரம். இங்கிருந்து கிழக்கே போகப் போக ஒவ்வொரு ஊரிலும் கடல் கடந்த காசில் எழும்பிய வீடுகள். நகரத்தார் இதைக் ‘கொண்டுவிக்கப் போறது’ என்பார்கள். ரங்கூன் முகல் தெரு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, பினாங்கு, கொழும்பு, சைகோன். கிட்டங்கி என்பது கடையும் தங்குமிடமும் சேர்ந்த நீளக் கட்டடம். பாயும் பெட்டியும் கணக்குப் பிள்ளைகளுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி ஊரில் இருப்பார், கடையை ஏஜெண்ட் நடத்துவார். ஏஜெண்டின் தவணை பெரும்பாலும் மூன்று வருடம். குடும்பம் கூடப் போகாது. தவணை முடிந்து, அடுத்த ஆள் வந்து, கணக்கும் சாவியும் கைமாறிய பிறகுதான் கப்பல்.

நடுவில் அம்மாவுக்கு முடியவில்லை என்றால்?

1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டாகிவிட்டது. செய்தி ஒரே நாளில் போய்விடும். ஆள் வர முடியாது. கிட்டங்கிப் பெட்டியில் இருப்பது ஊரார் பணம், அதை யாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவது? மாற்று ஆள் கிடைக்கணும், கணக்கு முடிக்கணும், கப்பல் நாள் பார்க்கணும். 1926இல் ஓட ஆரம்பித்த ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் வந்துசேர ஒரு வாரத்தை ஒட்டி ஆகும். தந்திக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு மாதம். இந்த இடைவெளியில்தான் எங்கள் பக்கத்துப் பல சாவுகள் நடந்து முடிந்தன. கொள்ளி வைக்க வேண்டியவர் கடலில் இருப்பார்.

எங்கள் கதையும் அதுதான். தாத்தாவின் அண்ணனுக்கு அவர் தாய் ‘சீரியஸ்’ என்று தந்தி போனது. சமையல்காரருக்கு மாற்று ஆள் கிடைப்பது சுலபம், முதலாளி நல்லவர், உடனே அனுப்பிவிட்டார். அப்படியும் வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது கருமாதி முடிந்து ஒன்பது நாள். கப்பல் செலவு அடுத்த தவணைச் சம்பளத்தில் பிடித்தம். அவருக்கு வாய்த்த இன்சூரன்ஸ் அதுதான்: முதலாளியின் மனசு, அப்புறம் பிடித்தம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த பிறகு யுத்தம் முடியும்வரை அந்த வழியும் அடைபட்டது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைத் திறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்தான் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனியின் நிறுவனரும். அது தொடங்கியது 1938. பொதுக் காப்பீடு நாட்டுடைமையானபோது மிஞ்சிய நான்கு அரசுக் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. தலைமையகம் இன்றும் சென்னைதான். அவரே ஒரு பயணத்தில்தான் போனார். 1954 மார்ச் 13, சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் இறங்கும்போது விமானம் நொறுங்கி எரிந்தது. 33 பேர் இறந்தார்கள். வயது 45. தீக்கும் சரக்கும் பொறுப்பேற்கத் தெரிந்த அந்த உலகத்தில், ‘தாயார் சீரியஸ்’ தந்திக்குப் பொறுப்பேற்கிற பாலிசி மட்டும் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அது வர வேறு ஒரு மாற்றம் நடக்க வேண்டியிருந்தது. டிக்கெட் மலிவாக வேண்டியிருந்தது. 1950இல் விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் லண்டனிலிருந்து கோர்சிகாத் தீவுக்கு விமானத்தையே வாடகைக்கு எடுத்து, தங்கல் சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு ஆள் சேர்த்தார். பேக்கேஜ் டூரின் ஆரம்பங்களில் ஒன்று. இந்த விலை கட்டுப்படியாக ஒரே வழி, சீட்டு காலியாகப் போகக் கூடாது. முன்பணம் வாங்கு, திருப்பிக் கொடுக்காதே. வராமல் போனால் நஷ்டம் வராதவருக்கு. இந்த நஷ்டத்தை விற்கவும் வாங்கவும் முடியும் என்று ஆனபோதுதான் ரத்து இன்சூரன்ஸுக்கு ஒரு சந்தை கிடைத்தது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளி முதன்முதலாகப் பாலிசிக்குள் வந்தார், பயணம் போகாத ஒரே பாத்திரமாக.

வந்ததும் பழைய 1774ஆம் வருடத்துப் பயமும் கூட வந்தது. போக மனசில்லாதவன் எவனோ ஒருவனின் காய்ச்சலைக் காட்டிப் பணம் கேட்டால்? இந்தப் பயம் நமக்குப் புரியாததா என்ன. 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடும்வரை லீவு கிடைக்காத எத்தனை குமாஸ்தாக்கள் ‘ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி’ என்று ஊரிலிருந்து தந்தி வரவழைத்திருப்பார்கள்! ஒரே தகப்பனார் நான்கைந்து முறை சீரியஸ் ஆன ஜோக் எல்லா ஆபீசிலும் உண்டு. அதனால் கம்பெனி கேட்கிற டாக்டர் சர்ட்டிஃபிகேட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் நியாயம்தான் என்பேன். லிஸ்ட்தான் நியாயமாகப் படவில்லை. அது இங்கிலீஷ் குடும்பத்தின் அளவுக்குத் தைத்த சட்டை.

அளவு வேறு என்பது அவர்களுக்கும் தெரியாததல்ல. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர், ரயில்வே கம்பெனிகளுக்கும் வேலை பார்த்த வக்கீல், நியூயார்க் மாநிலத்துச் செனகா பழங்குடிகள் அப்பாவின் அண்ணன் தம்பியையும் அப்பா என்றே கூப்பிடுவதைக் கண்டு அசந்துபோனார். உலகம் முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பினார். தமிழ்நாட்டில் ஊழியம் செய்துவந்த ஸ்கடர் என்ற மிஷனரி மூலம் தமிழ் உறவுப் பெயர்கள் கிடைத்தன. பார்த்தால் அதே கணக்கு: பெரியப்பா, சித்தப்பா, எல்லாம் அப்பா. அப்பாவின் அக்கா தங்கை மட்டும் வேறு ஆள், அத்தை. இதை வைத்து அவர் போட்ட பெரிய புத்தகம் வெளிவந்தது 1871இல். சென்னை–பினாங்கு தந்திக் கம்பி செயல்பட ஆரம்பித்த அதே வருடம். தந்தி ஆபீசில் ‘ஃபாதர்’ என்று எழுதிக்கொடுத்தால் பெற்றவரா பெரியவரா என்று எந்தக் கிளார்க்கும் கேட்டிருக்க மாட்டார்.

இந்தியாவில் இந்தச் சட்டை வந்துசேர்ந்தது மெதுவாக. 1984இல் அரசுக் கம்பெனிகள் ஓவர்சீஸ் மெடிக்ளைம் கொண்டுவந்தன, வெளிநாட்டில் நமக்கு நோய் வந்தால் செலவு. 2004இல் ஷெங்கன் நாடுகள் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்றன. அதனால் விசா ஏஜெண்ட் நீட்டுகிற தாள்களில் ஒன்றாக இன்சூரன்ஸ் ஆனது. யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. அதற்குள் 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து மலிவு விமானம் திருச்சியில் இறங்கத் தொடங்கி, கயிறு திரிக்கும் ஊரிலிருந்தும் பினாங்கு போகலாம் என்றாகிவிட்டது.

மதுரையில் இருந்தபோது ஒரு ராத்திரி படித்தேன். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தார். அவ்வளவுதான். சர்க்கரை மாதிரி ஏற்கனவே இருந்த வியாதியால் வந்தது என்றால் இதுவும் கிடையாது. வேறு கம்பெனிகளில் மாமனார் மாமியார் உண்டு, சிலவற்றில் தாத்தா பாட்டி உண்டு. கூட வருபவர் வீட்டில் நோய் என்றாலும் கொடுக்கிற பாலிசிகள் இருக்கின்றன. போடுவதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தையாவது படியுங்கள்.

உடன்பிறந்தார் என்ற சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்தேன். பெரியப்பா எனக்குத்தானே அங்கிள், அப்பாவுக்கு அண்ணன் ஆயிற்றே. ஐந்து பேருக்கும் தனித்தனியாக விண்ணப்பித்தேன். ஒரே கட்டில், ஒரே நோயாளி. அப்பாவுக்கு அண்ணன். அம்மாவுக்கு மூத்தார். எனக்குப் பெரியப்பா, என் மனைவிக்குப் பெரிய மாமா, பையனுக்குப் பெரிய தாத்தா. ஐந்து படிவத்தில் ஐந்து உறவு எழுதினேன். நான்கு திரும்பி வந்தன.

அப்பாவின் டிக்கெட் பணம் மட்டும் ஆவணியில் வந்தது. அதற்குள் பெரியப்பா வீடு வந்திருந்தார், இடது கை இன்னும் தூக்க வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். வாய் கொஞ்சம் குழற, “அப்ப ஒங்கப்பன் மட்டும்தான்டா சட்டப்படி வந்திருக்கான், நீங்கள்லாம் சும்மா வந்து நின்னிருக்கீங்க” என்றார்.

அப்பா அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தார். மீதியில் ஒரு சக்கர நாற்காலி வாங்கினோம். பினாங்குக்கு இன்னும் போகவில்லை.