பஞ்சமியின் அப்பா

காலை எட்டரை மணிக்கு எந்தத் தெருவில் நின்றாலும் காணக்கிடைக்கும் காட்சிதான். அப்பாவோ அம்மாவோ ஒரு கையில் புத்தகப் பையும் மறு கையில் பிள்ளையின் விரலுமாகப் பள்ளிக்கு நடக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு திருவிதாங்கூரில் இப்படி நடந்த ஓர் அப்பாவுக்கும் மகளுக்கும் பதிலாகக் கிடைத்தது தீ.

ஊர் ஊரூட்டம்பலம், இன்றைய திருவனந்தபுரம் மாவட்டம். மகள் பஞ்சமி. அப்பா பூசாரி அய்யன், புலையர் சமூகத்தவர். கூட வந்தவர் அய்யன்காளி.

அந்த நடையின் கனம் புரிய வேண்டுமானால் முதலில் சாலையைப் பார்க்க வேண்டும். 1855 வரை திருவிதாங்கூரில் புலையர்கள் சட்டப்படியே அடிமைகள். அடிமைமுறை ஒழிந்த பின்னும் பொதுச்சாலை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. சாலையே இல்லாதவருக்குப் பள்ளிக்கூடம் எங்கே? அதனால்தான் அய்யன்காளியின் போராட்டம் சாலையில் தொடங்கியது. 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை கட்டி, தடை செய்யப்பட்ட பாதையில் ஓட்டிப் போனார். பிறகு தோழர்களோடு நடந்தே போனார். பாலராமபுரம் சாலியர் தெருவில் அடிதடி நடந்தது.

அடுத்தது பள்ளி. வெங்கானூரில் தாங்களே போட்டுக்கொண்ட பள்ளிக் குடிசை கொளுத்தப்பட்டது. மறுபடியும் கட்டினார்கள். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் பிறந்தது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று விவசாயக் கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. பட்டினி கிடந்தவர்களுக்குக் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை கொடுத்தார்கள். கூலி உயர்வோடு கல்வியையும் கோரிக்கையாக வைத்து எழுத்தறியாத மக்கள் நடத்திய வேலைநிறுத்தம் இது. நம் பாடப்புத்தகங்களில் இதைத் தேடிப்பாருங்கள் தோழர்களே.

1910இல் அரசு பள்ளிச் சேர்க்கைக்கு ஆதரவாக நின்றபோது எதிர்த்தவர்கள் யார்? நிலவுடைமையாளர்கள் மட்டும்தானா? பத்திரிகைச் சுதந்திரத்தின் நாயகன் என்று கொண்டாடப்படும் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையும் எதிர்த்தார். தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர்களையும் நிலத்தை உழுதவர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்ற பொருளில் தலையங்கம் எழுதினார். அதே ஆண்டு அரசை விமர்சித்ததற்காக நாடு கடத்தப்பட்டார். அதிகாரத்தை எதிர்ப்பவர் எல்லாம் சாதியையும் எதிர்ப்பார் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இந்தச் சூழலில்தான் பஞ்சமி ஊரூட்டம்பலம் பள்ளிக்கு நடந்தாள். தலைமையாசிரியர் சேர்க்க மறுத்தார். அரசாணை இருக்கிறது என்று சொல்லி அய்யன்காளி சிறுமியை வகுப்பில் பெஞ்சில் உட்கார வைத்தார். சாதி இந்துக்களின் பிள்ளைகள் எழுந்து வெளியேறினார்கள். தீண்டப்பட்ட பள்ளி எங்களுக்கு வேண்டாம் என்று பள்ளிக்கே தீ வைத்தார்கள். நெய்யாற்றின்கரைப் பகுதியில் புலையர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 1914-15இல் உச்சத்துக்குப் போன அந்த மோதல்களை, கொல்லம் ஆண்டு 1090ஐ வைத்துத் தொண்ணூறாமாண்டுக் கலகம் என்கிறார்கள்.

தீயில் கருகிய ஒரு பெஞ்சு அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெயர்ப்பலகையில் அப்பா இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அய்யன்காளியின் ஊர் வெங்கானூர். அவர் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. பூசாரி அய்யனோ சாதாரண மனிதர். பள்ளியை எரித்தவர்கள் அவரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூலிக்கும் குடியிருப்புக்கும் யாரை அண்டி வாழ வேண்டியிருந்ததோ அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தன் மகளை உட்கார வைக்கத் துணிந்தார். அதுவும் ஒரு பெண் பிள்ளையை. தலைவர்கள் ஆணை வாங்கித் தரலாம். அந்த ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஒரு பெற்றோர் வேண்டும். அந்த ஒருவர் முன்வராதவரை அரசாணை வெறும் காகிதம்தான்.

இது யாரோ பக்கத்து மாநிலத்துக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று திருவிதாங்கூர்தான்.

1937இல் காந்தி வெங்கானூருக்கு வந்தபோது, சாவதற்குள் தன் மக்களில் பத்துப் பேரை பி.ஏ. பட்டதாரிகளாகப் பார்க்க வேண்டும் என்று அய்யன்காளி சொன்னார். 1941இல் மறைந்தார். இன்று பி.ஏ. படிக்கும் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்குப் போனது யார், அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனது யார், வழியில் என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பூசாரி அய்யன் பெயராவது நமக்கு மிஞ்சியது. மற்றவர்களின் பெயர் உங்கள் பாட்டியின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.