கடல் கடந்த முடியும் கணவாய் நகரமும்

நவம்பர் முதல் நாள் பாலக்காட்டின் வரலாற்றில் மும்முறை தலைகாட்டுகிறது. 1858இல் அந்நாளில்தான் கம்பெனியாட்சி நீங்கி, விக்டோரியா அரசியின் நேராட்சி அறிவிக்கப்பெற்றது. 1866இல் அதே நாளில் பாலக்காடு நகரசபை தோன்றியது. 1956இல் அதே நாளில் கேரள மாநிலம் உதயமாயிற்று. இம்மூன்றுக்கும் இடைப்பட்ட காலமே, மக்கள் தம்மைத் தாமே ஆளப் பழகிய காலம்.

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் மலபாரை விட்டுக்கொடுத்தார். 1800இல் அது சென்னை மாகாணத்துடன் சேர்ந்தது. தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் கணவாய் நகரத்தை, இந்தியாவில் ஒருநாளும் கால் வையாத ஓர் அரசியின் பெயரால் கலெக்டர் ஆண்டார்.

நகரசபையின் பொறுப்பு சாலையும் விளக்கும் துப்புரவுமே. வரி மக்களுடையது, உறுப்பினரை நியமித்ததோ அரசு. உள்ளூர் மன்றங்கள் மக்களுக்கு அரசியற் பயிற்சிக் கூடங்களாதல் வேண்டுமென்று 1882இல் ரிப்பன் பிரபு கருதினார். 1884ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு வழி திறந்தது. எனினும் வாக்குரிமை வரி செலுத்திய சிலர்க்கே கிட்டியது.

அரசன் அருகிலிருந்தால் மட்டும் தன்னாட்சி வந்துவிடுமோ? அடுத்திருந்த சிற்றூர் கொச்சி மன்னருடையது; தெற்கே தேவிகுளம் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. திருவிதாங்கூரில் 1904இல் அமைந்த ஸ்ரீமூலம் பிரஜா சபையில் குறைகளைக் கூறலாம். முடிவு செய்தல் இயலாது. 1877இல் பூஞ்சாற்றுத் தலைவர் மன்றோ துரைக்குக் குத்தகைக்கு அளித்த கண்ணன் தேவன் மலைகளிலோ, தேயிலை பறித்த தமிழ்த் தொழிலாளர்க்கு மன்னரும் தொலைவே. தோட்டத்துத் துரையே அண்மை.

1919ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி, சுகாதாரம், ஸ்தல சுயாட்சி ஆகியவற்றை மாகாண மந்திரிகளிடம் விட்டது. போலீசும் நிதியும் கவர்னரின் பிடியில் நின்றன. 1937இல் ராஜாஜியின் மந்திரிசபை அமைந்தபோது மலபாரும் அதில் இடம்பெற்றது. ஆயினும் 1939இல், மக்கள் பிரதிநிதிகளைக் கலவாமலே இந்தியா போரில் இறங்கியதாக வைசிராய் அறிவித்தார். மந்திரிசபை பதவி துறந்தது. தெருவிளக்கைப் பற்றி முடிவு செய்யலாம், உயிரைப் பற்றி முடிவு செய்யலாகாது என்னும் தன்னாட்சியின் எல்லை அன்று வெட்டவெளிச்சமாயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். 'ஸ்தல சுயாட்சி' என்னும் தொடரில் 'ஸ்தலம்' எளிதில் வந்தது. 'சுயம்' வருவதற்கே நெடுங்காலம் பிடித்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்பதை 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பே தந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம், இன்று குடியிருக்கும் நகரின் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உளதா என்று நோக்குவோமாக. முன்னோர் காத்திருந்து பெற்றதை, அயலூர் என்றெண்ணி நாம் கைவிடலாகாது.