உலோகத்தின் நுண்கட்டமைப்பும் சோப்புக் குமிழி மாதிரியும்

இரும்புக் கம்பியும் தாமிரத் தகடும் பார்வைக்கு ஒரே சீரான பொருள்களாகத் தோன்றும். உண்மையில் அவை எண்ணற்ற சிறு படிகங்கள் நெருங்கிச் சேர்ந்து அமைந்தவை. இப்படிகங்களைக் குருணைகள் என்றும், இரு குருணைகள் சந்திக்கும் இடத்தைக் குருணை எல்லை என்றும் அழைக்கலாம். குருணைகளின் அளவு, வடிவம், அவற்றினுள் இருக்கும் குறைகள் ஆகியவை சேர்ந்ததே நுண்கட்டமைப்பு. ஓர் உலோகம் வளையுமா, உடையுமா என்பது பெருமளவு இதைப் பொறுத்தது.

இங்கிலாந்தின் செஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1860களில் எஃகை மெருகேற்றி, அமிலத்தால் அரித்து, நுண்ணோக்கியில் பார்த்தார். குருணைகள் கண்ணில் பட்டன. ஆனால் அணுக்கள் நகர்வதை அந்த நுண்ணோக்கி காட்டாது. சிக்கல் அங்கேதான் இருந்தது.

குறையற்ற படிகத்தில் ஓர் அணு அடுக்கை மற்றொன்றின் மேல் நழுவச் செய்யத் தேவையான விசையைக் கணக்கிட்டால், அது சோதனையில் கிடைக்கும் அளவைவிடப் பன்மடங்கு அதிகமாக வந்தது. 1934-இல் டெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நழுவுவதில்லை. இடப்பிறழ்வு என்னும் குறை ஒன்று படிகத்தினூடே நகர்கிறது என்றார்கள். நீண்ட ஜமக்காளத்தை மொத்தமாக இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதில் நகரும். விடை அழகானதுதான், ஆனால் அந்த மடிப்பை யாரும் நேரில் பார்த்ததில்லை.

அதைப் பார்க்க ஒரு மாதிரி கிடைத்தது சோப்பு நீரில். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத் தலைவராக இருந்த லாரன்ஸ் பிராக், புல் வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெயும் பெட்ரோலும் கலந்தபோது மேலே மிதந்த குமிழிகள் ஒழுங்காக அணிவகுப்பதைக் கவனித்தார். 25 வயதில் நோபல் பரிசு பெற்றவருக்கும் அடுத்த யோசனை வீட்டு வேலையில்தான் கிடைத்திருக்கிறது! மாணவர் ஜான் நையுடன் சேர்ந்து 1947-இல் அவர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ விட்டமுள்ள குமிழிகளைச் சோப்புக் கரைசலின் அடியிலிருந்து மெல்லிய குழாய் வழியே ஊதினார்கள். காற்றழுத்தம் மாறாமல் இருந்ததால் குமிழிகள் ஒரே அளவில் வந்தன. (வகுப்பில் செய்து பார்ப்போர் இதைக் கவனிக்க வேண்டும். வாயால் ஊதினால் அளவு மாறி, அணிவகுப்பு கலைந்துவிடும்.) பரப்பு இழுவிசையால் குமிழிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு படலமாக மிதந்தன. அதில் குருணைகளும் எல்லைகளும் தெரிந்தன. படலத்தை மெல்ல நெருக்கினால் இடப்பிறழ்வு ஓடுவதையும் கண்ணால் பார்க்க முடிந்தது. அளவு மாறிய ஒரு குமிழியைச் சேர்த்தால், அது அன்னிய அணுவைப் போலச் சுற்றிலும் ஒழுங்கைக் குலைத்தது.

ஆனால் மாதிரி வேறு, உலோகம் வேறு. உலோக அணுக்கள் வெப்பத்தால் எப்போதும் அதிர்கின்றன, குமிழிகள் அதிர்வதில்லை. அதனால் படலத்தைக் கையால் கலக்கிவிட வேண்டியிருந்தது. குமிழிகள் காட்டியது சான்று அல்ல. நடக்கக்கூடியது என்பதை மட்டுமே. 1956-இல் அதே கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் ஆகியோர் அலுமினியத்தில் இடப்பிறழ்வுகள் நகர்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ட பிறகே சான்று கிடைத்தது.

சோப்பு இன்னொரு கேள்விக்கும் உதவியது. சூடாக்கிய உலோகத்தில் சில குருணைகள் வளர, சில மறைவது ஏன்? சிரில் ஸ்டான்லி ஸ்மித் இதைச் சோப்பு நுரையோடு ஒப்பிட்டார். அவர் கருத்தைத் தொடர்ந்து 1952-இல் கணிதவியலாளர் ஜான் வான் நியூமன் ஒரு விதியைத் தந்தார். தட்டையான நுரையில் ஆறு பக்கத்துக்கு மேல் உள்ள அறை வளரும், குறைவாக உள்ளது சுருங்கும், சரியாக ஆறு உள்ளது மாறாது. உலோகக் குருணைகளுக்கும் இது பொருந்தும் என 1956-இல் மல்லின்ஸ் காட்டினார்.

1980களில் இவ்வேலை கணினிக்கு மாறியது. எக்ஸான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒரு குழு, பரப்பைச் சிறு புள்ளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் திசையைக் குறிக்கும் எண் கொடுத்தது. பக்கத்துப் புள்ளிகளின் எண் வேறுபட்டால் அங்கே எல்லை. எல்லைக்கு ஆற்றல் உண்டு. ஒரு புள்ளியைத் தற்செயலாகத் தேர்ந்து எண்ணை மாற்றிப் பார்ப்பார்கள். ஆற்றல் கூடாவிட்டால் மாற்றத்தை ஏற்பார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் திரையில் குருணைகள் வளர்கின்றன.

வான் நியூமன் விதியை முப்பரிமாணத்துக்கு விரிவாக்க 55 ஆண்டுகள் ஆயின. 2007-இல் அதைச் செய்த இருவர் மேக்ஃபெர்சனும் ஸ்ரோலோவிட்ஸும். ஸ்ரோலோவிட்ஸ், முன்பு அந்த எக்ஸான் குழுவில் இருந்தவர்.