கோணல் மனையும் கைமரக் கணக்கும்

நம் விசுவகுலத்துத் தச்சர் கோயிலுந் தேருஞ் சமைத்த பெருமையைப் பலரும் எடுத்துரைப்பர். அவர் எளிய கொட்டகைக்குக் கைமரம் அறுத்த திறத்தை எழுதிவைத்தார் மிகச் சிலரே. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கூரையின் கைமரத்தை வடமொழிச் சிற்பநூலாகிய மயமதம் 'லுபா' என வழங்கும். மலைநாட்டில் 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த மனுஷ்யாலய சந்திரிகை மனையிலக்கணங் கூறும். கொங்குநாட்டுத் தச்சரோ தங்கணக்கைப் பெரும்பாலும் கண்ணாலுங் கையாலுமே மக்கட்குக் கற்பித்து வந்தனர்.

பனங்கை பரப்பி நாட்டோடு வேய்ந்த பழங்கூரை சற்று முறுகினும் கேடில்லை. ஓடு சிறிதாகலின் இணங்கிக் கொள்ளும். 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். அதன்பின் பரவிய சீமை ஓடு அத்தன்மையதன்று. ஓர் ஓடு மற்றோர் ஓட்டைக் கவ்வவேண்டுதலின் கூரைச்சரிவு ஒரே தளமாதல் வேண்டும். 1920-களிற் கால்கொண்ட பின்னலாடைத் தொழில் திருப்பூரில் வளர வளரக் கொட்டகைகளும் பெருகின. மனைகளோ எல்லாஞ் சதுரமாக அமைவனவல்ல. தச்சன் அறிவுக்கு அதுவே சோதனை.

ஒரு கொட்டகை ஒரு கோடியில் 16 அடியும் மறுகோடியில் 12 அடியும் அகலமுடையதென்க. சுவர்கள் ஒரே மட்டம். முகட்டு விட்டம் நடுவே செல்வது. அதனைச் சுவருக்குமேல் 6 அடி உயரத்தில் மட்டமாகவே வைப்பின், அகன்ற கோடியிற் கைமரம் 10 அடி; குறுகிய கோடியில் எட்டரை அடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டின் சாய்வும் வேறுபடுதலாற் கூரை முறுகும், ஓடு கவ்வாது, மழைநீர் உட்புகும். குறுகிய கோடியில் முகட்டை 4½ அடிக்குத் தாழ்த்தின் கைமரம் 7½ அடியாம். 8-க்கு 6, 6-க்கு 4½ எனச் சாய்வு ஒன்றேயாதலிற் சரிவும் ஒரே தளமாம். இடைநிற்குங் கைமரங்கள் ஒத்த அளவிற் படிப்படியாகக் குறையும். நிலத்தில் முழு அளவிற் கோடிட்டு, தூக்குக்குண்டு கொண்டு சரிபார்த்து அறுப்பின் பிழை நேராது.

இன்று இரும்புச் சட்டமுந் தகடும் மரக்கூரையின் இடத்தைப் பெரிதுங் கவர்ந்தன. அதற்காக வருந்திப் பயனில்லை. பைதாகரசு தேற்றத்தைப் பள்ளியிற் கற்கும் நம் சிறுவன், தன் பாட்டனார் கைமரத்தில் அதுவே உறைந்ததை அறியான். பாட்டனாரோ கணக்கறிந்தும் எழுதிவைத்தாரல்லர். இருவரையும் கூட்டுவிப்பது சங்கத்தின் கடன். ஊர்தோறும் முதிய தச்சரிடஞ் சென்று, அவர் வழங்குஞ் சொல்லையும் அளவையும் இளைஞர் குறித்துக் கொள்வாராக. கட்டிய கொட்டகை இடிந்தாலும் மீண்டுங் கட்டலாம்; எழுதாத கணக்கு அறிந்தவரோடே மாயும்.