இட்ஸ்

‘அதனுடைய’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் இதற்குத் தனி வடிவம் கிடையாது. அவனுடையதற்கும் அதனுடையதற்கும் ‘ஹிஸ்’ ஒன்றே. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ‘இட்’டோடு ‘ஸ்’ சேர்ந்து இச்சொல் அச்சேறியது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பைபிளின் முதற்பதிப்பில் இது ஓரிடத்திலும் இல்லை. மத்தேயுவில் உப்பு இழப்பதும் ‘ஹிஸ்’ சாரத்தைத்தான்.

தொடக்கத்தில் பலர் இச்சொல்லில் டி-க்கும் எஸ்-க்கும் நடுவே மேற்குறி இட்டார்கள். பிறகு அது உதிர்ந்தது. இன்று குறி இருந்தால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்பதன் சுருக்கம். நாய் வாலை ஆட்டினால், வாலுக்கு முன்னால் வரும் ‘இட்ஸ்’ஸுக்குக் குறி வேண்டாம்; ‘ஹர்ஸ்’, ‘அவர்ஸ்’, ‘யுவர்ஸ்’ஸுக்கும் அப்படியே. ஐயம் வந்தால் விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் நின்றால் மட்டும் குறி போடுங்கள்.