மழை மறைவில் ஒரு கொறங்காடு

ஆனைமலையின் மேலே வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே தாராபுரம், மூலனூர் பக்கம் வந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல வருசம். ஆடியில் எங்களுக்குக் காற்றுதான் வரும், மழையை மலையிலேயே இறக்கி வைத்துவிட்டு. ஐப்பசி மழையை நம்பித்தான் பிழைப்பு.

'வறண்ட பூமி' என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் சாயங்கால வெயிலில் ஒரு மேட்டின்மேல் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். அலையலையாக இறங்கும் செம்மண், வெளுத்த கொழுக்கட்டைப்புல், அங்கங்கே குடை விரித்த வெள்வேல மரம், கோடு கிழித்தாற்போல் கிளுவை வேலி. பச்சை இல்லாமலே கண் நிறையும்.

இந்த அழகு தானாக வந்ததல்ல. கொறங்காடு என்பது உழாமல் மேய்ச்சலுக்கென்றே வளர்த்த நிலம். கிளுவைப் போத்துகளை நட்டு வேலியாக்கி, காட்டைப் பாகம் பிரித்து, ஒன்றில் புல் தீர்ந்ததும் அடுத்ததில் மாட்டை விடுவார்கள். கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காங்கேயம் காளையைப் பற்றிப் பேசினால் பழையகோட்டைப் பட்டக்காரர் பெயர் வராமல் இருக்காது. விடியுமுன் சாணி அள்ளி, தாழிக்குத் தண்ணீர் சுமந்து, கன்று ஈன்ற இரவில் விழித்திருந்த என் அம்மாயியை யார் சொல்வார்கள்? அம்மாயியாவது பண்ணையக்காரி. வேலி வேலைக்கு வந்த அருந்ததியப் பெண்களுக்கு அந்தக் காட்டில் நிழல்கூடச் சொந்தமில்லை. இதை நான் தாமதமாகத்தான் யோசித்தேன்.

1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்தது. அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை விட்டுவிட்டது. அம்மாவுக்குக் கல்யாணம் 1974-இல். அப்புச்சி இறந்தபின் 1992-இல் பாகம் பிரித்தபோது, அவர் பங்கில் அம்மாவுக்கு வரவேண்டியிருந்த சிறு துண்டையும் விடுதலைப் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். "அண்ணந் தம்பி வேணுமல்லொ" என்று கையெழுத்துப் போட்டாள். 2005-இல் மத்தியச் சட்டம் கல்யாணமான மகள்களையும் சேர்த்தது. ஆனால் முன்பே பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை.

மாமா வீட்டார் அந்தக் காட்டை விற்று ஆறு வருசமாகிறது. ஐப்பசியில் மழை பெய்தால் அம்மா இன்னமும் போன் போட்டுக் கேட்கிறாள்:

"அந்தப் பக்கம் போனியா கண்ணு? புல்லு தழைஞ்சிருச்சா?"