பபூன் மேடையும் ‘அது இது எது’வும்: கம்பம் பள்ளத்தாக்கின் நாடக மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்த் தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சிகளின் வரலாறு பெரும்பாலும் இறக்குமதியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’ பிரித்தானிய நிகழ்ச்சியொன்றின் வடிவத்தைப் பின்பற்றியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், விஜய் தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிய ‘அது இது எது’வை அவ்வாறு மட்டும் விளக்கிவிட இயலாது.

இந்நிகழ்ச்சியின் ‘குரூப்ல டூப்பு’ சுற்று, போலியையும் உண்மையானவரையும் பிரித்தறியும் ஆட்டம். 1956இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டு டெல் த ட்ரூத்’ இதற்கு முன்வடிவம் எனலாம். ‘மாத்தி யோசி’யில் சரியான விடை சொன்னவர் தோற்பார், ‘சிரிச்சா போச்சு’வில் சிரித்தவர் தோற்பார். அறிவைச் சோதிப்பது இவற்றின் நோக்கமன்று. 1947இல் வானொலியில் தொடங்கி 1950 முதல் 1961 வரை தொலைக்காட்சியில் நிகழ்ந்த கிரௌச்சோ மார்க்ஸின் ‘யூ பெட் யுவர் லைஃப்’ நிகழ்ச்சியிலும் வினாவைவிட, அதற்கு முன் போட்டியாளருடன் அவர் நடத்திய உரையாடலே ஈர்ப்பாக இருந்தது. தொகுப்பாளர் சிவகார்த்திகேயனின் பணியும் இத்தகையதே.

இப்பணிக்குத் தேனி, மதுரை வட்டாரப் பார்வையாளரிடம் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: பபூன். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களைக் கொண்டு வளர்ந்த ஸ்பெஷல் நாடகம், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்ச் சாமி கும்பிடுகளில் இரவு முழுவதும் நடைபெறுவது. ‘ஸ்பெஷல்’ என்னும் சொல் இங்குச் சிறப்பைக் குறிப்பதன்று. நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுவர். குழு இல்லை, ஒத்திகை இல்லை. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பதும் உண்டு. கதை தொடங்குமுன் பபூன் தனியாக வந்து, ஆர்மோனியக்காரரை வம்புக்கிழுத்து, முன்வரிசையில் அமர்ந்திருப்போரைச் சீண்டிக் கூட்டத்தைத் தன்வசப்படுத்த வேண்டும். ஆகவே, நொடியில் மறுமொழி சொல்லும் திறன் அவருடைய தனிப்பட்ட மேதைமை மட்டுமன்று. ஒத்திகையற்ற தொழில்முறை கட்டாயப்படுத்தும் தகுதி. ‘மாத்தி யோசி’யில் விருந்தினர் எதைச் சொல்வார் என்று அறியாமல் நிற்கும் தொகுப்பாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. இதனை நேரடிக் கால்வழி என்பதைவிட ஒத்த பணிநிலை என்பதே பொருந்தும். சிவகார்த்திகேயன் நாடக மேடையிலிருந்து வந்தவரல்லர். பலகுரல் நிகழ்ச்சிகள் வழியாகவும் ‘கலக்கப்போவது யாரு’ வழியாகவும் அறியப்பட்டவர்.

பார்வையாளர் தரப்பிலும் மாற்றம் நேர்ந்திருந்தது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால், திருவிழாத் திடலில் தரையில் அமர்ந்து நாடகம் பார்த்த குடும்பங்களுக்கும் வீட்டிலேயே திரை கிடைத்தது. ஊர் கூடிச் சிரித்த நகைச்சுவை, கூடத்தில் நால்வர் சிரிப்பதாயிற்று.

இவ்விடமாற்றத்தில் சில கூறுகள் உதிர்ந்தன, சில உதிரவில்லை. பபூனின் பேச்சிலிருந்த இரட்டைப் பொருள் குடும்ப நிகழ்ச்சிக்காகப் பெருமளவு அடங்கியது. பெண்ணுடலைக் கேலிப்பொருளாக்கும் வழக்கமோ ‘சிரிச்சா போச்சு’வில் பெண்வேடமிட்ட ஆண்களின் வழியே தொடர்ந்தது. நாடக மேடையில் பபூனுக்கு எதிர்நிற்கும் நடனக்காரிக்குத் திருப்பியடிக்கும் வசனமேனும் இருந்தது. தொலைக்காட்சி அந்த எதிர்க்குரலை நீக்கி, வேடத்தை மட்டும் வைத்துக்கொண்டது. இதனைச் சீர்திருத்தம் என்று கொள்வது கடினம்.

திடலில் சிரிப்பு எழாவிடில் பபூன் அங்கேயே சமாளித்தாக வேண்டும். படத்தொகுப்பு மேசையில் அத்தகைய இடங்களை வெட்டிவிடலாம். 2012இல் ‘மெரினா’ வெளிவந்து சிவகார்த்திகேயன் திரைத்துறைக்குச் சென்றபின், தொகுப்பாளர் பொறுப்பை மா.கா.பா. ஆனந்த் ஏற்றார். சுற்றுகளின் பெயர்கள் மாறவில்லை.